ஆறாவது தந்தி ஏன் திரும்பவில்லை: நிதி நிகழ்ச்சிக்காக ஒரு பெடல் ஸ்டீலைச் சரிசெய்த அனுபவம்

நிகழ்ச்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. நீண்ட சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோர் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க இடம் கொடுக்கும் ஓர் அமைப்புக்காக, எங்கள் ஸ்டீல் கிட்டார் வட்டம் ஒரு மாலை வாசித்து நிதி திரட்டுவது என்று முடிவாகியிருந்தது. வாசிப்பவர்கள் ஏழு பேர். பெடல் ஸ்டீல் என்பது மேசைபோல் கால்களில் நிற்கும் கிட்டார்; தந்திகள்மேல் உருக்குப் பார் என்ற உலோகத் துண்டை வழுக்கவிட்டு, மிதிகளால் சுரத்தை மாற்றி வாசிப்போம். தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறும் கருவி இல்லை. நாலு கால்களைத் திருகி மாட்ட வேண்டும், மிதிகளின் சட்டத்தைப் பொருத்த வேண்டும், ஒவ்வொரு மிதிக்கும் ராடு கோக்க வேண்டும், அப்புறம் சுருதி சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் இதைச் செய்தால் பாட்டைவிட இடைவேளைதான் நீளும். அதனால் மேடையில் ஒரே கருவி நிற்கட்டும், ஐந்து பேர் மாறி மாறி அதில் உட்காரட்டும் என்று பேசி வைத்தோம். ஒருவர் மட்டும் தன் கருவியையே கொண்டுவருவதாகச் சொன்னார். அவருடையது டே அமைப்பு, அதாவது மிதிகளின் வரிசை மற்ற ஐவரும் பழகிய எம்மன்ஸ் அமைப்புக்கு நேர் தலைகீழ். கால் பழகிய வரிசையை ஒரு மாலைக்காக மாற்றிக்கொள்ள யாராலும் முடியாது. ஏழாமவர் மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல்காரர்.

அந்தப் பொதுக் கருவி நன்கொடையாக வந்தது. ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி, மூன்று மிதி, முழங்காலால் தள்ளிச் சுரத்தை மாற்றும் லீவர் நான்கு. பல வருடம் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் அது புதிதாகக் கற்பவர்களுக்குச் சுற்றில் போகும் என்று ஏற்பாடு. மேடைக்குத் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது.

பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பழைய தந்திகளைக் கழற்றிப் புதியவை மாட்டி, பெடல் ஸ்டீலில் வழக்கமான இ9 சுருதியில் வைத்தேன். முதல் தந்தியிலிருந்து எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. புதிதாகப் பார்ப்பவர்களை இந்த வரிசை குழப்பும். முதல் தந்திதான் உச்சம் என்று நினைப்பார்கள். உண்மையில் மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. முதல் இரண்டும் பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ் பின்னால் சேர்த்தவை, இடைச் சுரங்களை நிரப்புவதற்காக. இந்த மூன்றாம் தந்தி பின்னால் மேடையில் தன் வேலையைக் காட்டியது. அது பிறகு.

சுருதி சேர்த்து, மிதிக்காமல் வாசித்தால் அருமையாக இருந்தது. மூன்று மிதிகளுக்கும் ஏ, பி, சி என்று பெயர், சுரப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏ மிதியையும் பி மிதியையும் ஒரு முறை அழுத்தி விட்டேன். அவ்வளவுதான், எல்லாம் கலைந்தது.

ஏ மிதி ஐந்தாம், பத்தாம் தந்திகளைப் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி மிதி மூன்றாம், ஆறாம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு ஏற்றும். காலை எடுத்ததும் இரண்டும் பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். இந்தக் கருவியில் அவை வீட்டுக்குப் போகும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டன.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், பெடல் ஸ்டீலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மிதி வைத்த ஸ்டீல் கிட்டார்கள் முன்பே இருந்தன. ஒரு சுருதியிலிருந்து இன்னொரு சுருதிக்கு மாறிக்கொள்வதற்குத்தான் பெரும்பாலும் மிதியைப் பயன்படுத்தினார்கள். 1950களின் நடுவில் பட் ஐசக்ஸ் என்ற ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஒரு பாட்டுப் பதிவில், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். சில தந்தி நிலையாக நிற்க, பக்கத்தில் இருப்பது ஊர்ந்து நகர்கிறது. கேட்டவர்களெல்லாம் தங்கள் கருவிக்கு மிதி மாட்ட ஓடினார்கள். நிற்கிற தந்திக்குப் பக்கத்திலேயே நகர்கிற தந்தி ஒலிப்பதால், அது ஐந்து சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தப்பித் திரும்பினாலும் காது உடனே பிடித்துவிடும். கோட்டுவாத்தியத்தில் கட்டையை ஒரு மயிரிழை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே உருக்குப் பார் எல்லாத் தந்திகள் மேலும் ஒன்றாகக் கிடக்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றவை கெடும்.

முதல் வாரம்: சேஞ்சர்

பிரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் இயந்திரம்தான் சேஞ்சர். ஒவ்வொரு தந்திக்கும் ஒரு வளைந்த அலுமினிய விரல், அதன் தலைமேல் தந்தி படுத்திருக்கும். மிதியை அழுத்தினால் ராடு இழுக்கும், விரல் சாயும், தந்தி இறுகும். கருவியைத் தலைகீழாகத் திருப்பி விளக்குப் பிடித்துப் பார்த்தால் விரல்களுக்கு நடுவில் தேன் நிறத்தில் ஒரு பிசின். யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் நிறைய எண்ணெய் விட்டிருக்கிறார். அது தூசியைக் குடித்து இறுகிவிட்டது.

கீழே பழந்துணி விரித்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவை ஊசிமூக்குப் புட்டியால் விரல்களுக்கு இடையில் சொட்டவிட்டேன். சொட்டுவது, மிதிகளை முப்பது நாற்பது தடவை அழுத்துவது, வழிகிற கறுப்பைத் துடைப்பது, மறுபடி சொட்டுவது. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் மேல் ஒரு துளிகூடப் படாமல் டேப் ஒட்டியிருந்தேன். பக்கத்தில் நெருப்பு, சூடான சால்டரிங் அயர்ன் எதுவும் இருக்கக் கூடாது, இது விளையாட்டில்லை. நாலாவது சுற்றில்தான் துணியில் விழுந்த துளி தெளிவாக இருந்தது. முழுக்கக் காயவிட்டு, விரல்கள் கோத்திருக்கும் அச்சில் ஆளுக்கொரு துளி தையல் மெஷின் எண்ணெய். அதற்கு மேல் விட்டால் அடுத்த பிசினுக்கு நாமே விதை போட்டதாகும்.

பத்தாம் தந்தி சரியாகிவிட்டது. ஐந்தாவது இன்னும் அடம் பிடித்தது. மிதித்து விட்டால் ஏழு சென்ட் மேலே நின்றது.

ஐந்தாம் தந்தியின் விரலை ஏ மிதியின் ராடு இழுக்கிறது. ராடின் கடைசியில் இருக்கும் நைலான் ட்யூனரைத் திருகித்தான் ஏறிய சுரத்தைச் சரிசெய்வோம். சி ஷார்ப் எட்டவில்லை என்று யாராவது அதை மேலும் மேலும் இறுக்கியிருந்தால், மிதிக்காதபோதும் ராடு விரலைப் பிடித்தே வைத்திருக்கும், விரல் தன் இருப்பிடத்தில் போய் உட்காராது. ஓய்வில் இருக்கும்போது ராடை விரல்நுனியால் அசைத்தால் ஒரு காகிதக் கனம் ஆட்டம் இருக்க வேண்டும். அசைத்தாலும் ஆடாத ராடு என்றால் அங்கே கோளாறு. ஏ மிதியின் ராடை அசைத்தேன், நன்றாக ஆடியது. அப்படியானால் விரலைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்?

ஒரு முழு மாலை இதிலேயே போனது. பிறகு சும்மா எல்லா மிதிகளையும் மாற்றி மாற்றி அழுத்திக் குறித்துக்கொண்டு வந்தபோது ஒன்று புரிந்தது. கடைசியாக எந்த மிதியை அழுத்தினேனோ அதைப் பொறுத்து ஐந்தாம் தந்தி வேறு வேறு இடத்தில் நின்றது. அதே விரலில் இரண்டு ராடு! சி மிதியும் ஐந்தாம் தந்தியை சி ஷார்ப்புக்கு ஏற்றும், கூடவே நாலாவதை எஃப் ஷார்ப்புக்கு. நான் ஏ மிதியின் ராடை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சி மிதியின் ராடு வில் நாண்போல இறுகி நின்றது. அதன் நைலானைத் தளர்த்தியதும் ஐந்தாம் தந்தி ஒழுங்காகத் திரும்பியது. ஆனால் சி மிதி இப்போது சி ஷார்ப்பை எட்டவில்லை. மிதியின் நிறுத்தத் திருகைச் சற்று விட்டு, அது இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வழி செய்தேன், சுரம் வந்தது. முன்னால் வைத்திருந்தவர் செய்திருக்க வேண்டியது இதுதான். நைலானை இறுக்குவது எளிது என்பதால் அதைச் செய்துவிட்டார்.

இரண்டாம் வாரம்: மேலேயா, கீழேயா

ஆறாம் தந்தி மட்டும் மிச்சம். நாஃப்தா, எண்ணெய், ராடு ஆட்டம், திரும்பு ஸ்ப்ரிங் எல்லாம் பார்த்தாயிற்று. பி மிதியை அழுத்தும்போது கருவியின் முனைத்தட்டில் கண்ணை வைத்து, சுரத்தை இறக்குவதற்கென்று சேஞ்சரில் இருக்கும் துணை விரல் தன் நிறுத்தத்தை விட்டு நகர்கிறதா என்றும் பார்த்தேன். ஸ்ப்ரிங் சோர்ந்திருந்தால் அங்கே அசைவு தெரியும். அசையவில்லை. சேஞ்சரை இன்னொரு தடவை கழுவலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர், நாற்பது வருடமாக வாசிப்பவர், அன்று வந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி தம்பி, திரும்பி வரும்போது அது எந்தப் பக்கம் தப்புது? மேலயா, கீழயா?" என்றார்.

"கீழ ஐயா. ஆறு சென்ட்."

"அஞ்சாவது?"

"அது மேல நின்னுச்சு."

"அப்ப நீங்க தப்பான முனையில உக்காந்திருக்கீங்க. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க" என்று சுருதிச் சாவிகள் இருக்கும் தலைமாட்டைக் காட்டினார்.

இதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ஐந்து வாரத்தில் நான் கற்றதிலேயே பெரிய விஷயம் இதுதான். மிதித்து விட்டபின் தந்தி மேலே நின்றால், விரல் முழுதாகத் திரும்பவில்லை என்று பொருள்; கோளாறு சேஞ்சர் பக்கம். கீழே போய் நின்றால் கதை வேறு. தலைமாட்டுப் பக்கம் தந்தி தாங்கி நிற்கும் விளிம்புதான் நட். தந்தி அங்கே முடிந்துவிடுவதில்லை. நட்டைத் தாண்டி, சுருதிச் சாவி வரை ஒரு துண்டு இருக்கிறது. மிதி இழுக்கும்போது அந்தத் துண்டிலிருந்தும் துளியூண்டு தந்தி நட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. காலை எடுத்ததும் அது திரும்பிப் போக வேண்டும். அதற்காகத்தான் நட்டில் உருளைகள் வைத்திருக்கிறார்கள். உருளை சிக்கிக்கொண்டால், வந்த தந்தி இந்தப் பக்கமே தங்கிவிடும். வாசிக்கும் பகுதியில் நீளம் மிச்சம், இறுக்கம் குறைவு, சுரம் கீழே. முழங்கால் லீவரால் சுரத்தை இறக்கி விடும்போது இதே கோளாறு நேர்மாறாகத் தெரியும், தந்தி மேலே வந்து நிற்கும். லீவரால் ஆறாம் தந்தியை இறக்கி விட்டுப் பார்த்தேன். மேலே நாலு சென்ட்! அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

தந்திகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கி, உருளைகளின் அச்சை உருவினேன். ஒவ்வொரு உருளையிலும் அந்தந்தத் தந்தியின் கனத்துக்கு ஏற்ற பள்ளம் வெட்டியிருந்ததால் இடம் மாறக் கூடாது. ஒரு தாளில் 1 முதல் 10 வரை எழுதி அதன்மேல் வரிசையாக வைத்தேன். ஆறாவது உருளையைக் கையில் எடுத்தபோது அது அச்சிலிருந்து உருண்டு வரவில்லை, கழன்று வந்தது. உள்துளையில் கறுப்பாக ஒரு வளையம், தந்தியிலிருந்து தேய்ந்த உலோகத்தூளும் எண்ணெயும் கலந்து கெட்டிப்பட்டது. பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் தகடாகப் பெயர்ந்து வந்தது. நாஃப்தாவில் ஊறவைத்துத் துடைத்தேன். அச்சை மிக நுண்ணிய ஸ்டீல் வூலால் தேய்த்தேன், கருவியிலிருந்து தள்ளிப் போய் வேறு மேசையில். அந்தத் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் பிறகு எடுப்பது பெரும்பாடு. திரும்பக் கோத்து விரலால் தட்டினேன். பத்து உருளையும் சுழன்றன.

ஆறாம் தந்தி: மிதித்து விட்டபின் ஒரு சென்ட் கீழே. அதை என் காது கேட்கவில்லை, சுருதி மானி மட்டும் கேட்டது.

ஒன்றை நான் சரிசெய்யவில்லை. ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த மிதிகளுக்குச் சம்பந்தமே இல்லாத நாலாம் தந்தி நாலு சென்ட் இறங்கியது. தந்திகள் இறுகும்போது கருவியின் உடலே நூலளவு வளைவதால் வருவது அது. எந்தப் பெடல் ஸ்டீலிலும் கொஞ்சம் இருக்கும்.

வால்யூம் மிதி

ஒலியளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் தனி மிதி இது. சின்ன வேலை, ஆனால் விட்டிருந்தால் நிகழ்ச்சியையே கெடுத்திருக்கும். மீட்டும்போது ஒலியைச் சற்று அடக்கி, தந்தி ஓய ஓய மிதியைத் திறந்துகொண்டே போவதில்தான் பெடல் ஸ்டீலின் நீண்ட குரல் இருக்கிறது. அந்த மிதி கரகரத்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்தேன், இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி கரகரத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒலியளவை மாற்றும் 500 கிலோ ஓம் மாறு மின்தடையின் (பாட் என்போம்) கார்பன் தடத்தில் நடுப்பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வாசிப்பவரின் கால் எப்போதும் அந்த நடு இடத்திலேயே வேலை செய்வதால் அப்படி. தேய்ந்த தடத்தை எந்தத் திரவமும் வளர்க்காது. அதே மதிப்பில், ஆடியோ டேப்பர் உள்ள, அதாவது காதுக்கு ஒலி சீராக ஏறும்படி அமைந்த புதிய பாட் மாட்டினேன். லீனியர் மாட்டினால் ஒலி மிதியின் தொடக்கத்திலேயே குபுக்கென்று ஏறிவிடும். தண்டில் சுற்றியிருந்த கயிறும் நூல்நூலாகப் பிரிந்திருந்தது, அதையும் மாற்றினேன்.

ஒத்திகையில் வந்த வழக்கு

ஐந்து பேர், ஒரு கருவி. யாருடைய சுருதி? பெடல் ஸ்டீல்காரர்கள் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) மூன்றாம் சுரத்தைப் பியானோ வைக்கும் இடத்தில் வைப்பதில்லை. சுத்த மூன்றாம் சுரம் பியானோவின் சம அளவு சுருதியைவிடச் சுமார் 14 சென்ட் கீழே. அங்கே வைத்தால்தான் தந்திகள் ஒன்றோடொன்று அதிராமல் உருகும். ஆனால் எங்களுக்குப் பக்கவாத்தியமாகக் கீபோர்டு இருந்தது, அது தன் இடத்தை விட்டு நகராது. இரண்டு பேர் முழு 14 வேண்டும் என்றார்கள், ஒருவர் நேராக மானியின் நடுவில் வேண்டும் என்றார். கடைசியில் ஜி ஷார்ப்பையும், ஏறிய சி ஷார்ப்பையும் ஏழெட்டு சென்ட் கீழே வைத்துப் பார்த்தோம். தனியாகக் கேட்டாலும் இனித்தது, கீபோர்டோடும் உரசவில்லை. அந்த எண்களை அட்டையில் எழுதி ஒட்டினேன். அன்று மாலை முழுக்க யாரும் சாவியைத் தொடக் கூடாது, நான் மட்டும்தான் என்றும் பேசிக்கொண்டோம்.

தொட்டுப் பார்க்கும் மேசை

அரங்க வாசலில், வருகிறவர்கள் தாங்களே வாசித்துப் பார்க்க ஒரு மேசை போடலாம் என்றது வட்டத்திலேயே இளையவள். ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரை அதற்கென்று மாற்றினேன். நட்டின் மேல் கவிழ்க்கும் உயர்த்தி ஒன்றை வைத்தால் தந்திகள் மேலே எழும், பார் ஃப்ரெட்டில் இடிக்காது. சுருதியில்தான் கவனம் வேண்டும். டோப்ரோ என்ற உலோகத் தட்டு வைத்த ஸ்டீல் கிட்டாரின் ஜி சுருதிக்கு ஐந்தாம், ஆறாம் தந்திகளை ஏ-யிலிருந்து பி-க்கும், இ-யிலிருந்து ஜி-க்கும் ஏற்ற வேண்டும். சாதாரணத் தந்தி, சாதாரண உடல், அதைத் தாங்கச் சொல்வது நியாயம் இல்லை. அதனால் திறந்த டி. கனமான தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நாலு தந்தியைத் தளர்த்தினால் போதும், எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

1880களின் கடைசியில் ஹவாயில் பள்ளி மாணவராக இருந்த ஜோசப் கெகுகு, பள்ளிப் பட்டறையிலேயே உருக்குப் பார் ஒன்றைச் செய்துகொண்டார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கதையைச் சொல்லி ஒரு சிறுவனிடம் பாரைக் கொடுத்தேன். அழுத்தாதே, மேலே படுக்க வை, அவ்வளவுதான் என்றேன். ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழுக்கு நழுவவிட்டான். தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று வரிசை நீண்டுகொண்டே போனது. உண்டியலை அந்த மேசையிலேயே வைத்தது அவளுடைய யோசனைதான். மேடை தொடங்குவதற்கு முன்பே அதை ஒரு தடவை காலி செய்ய வேண்டியிருந்தது.

அன்று மாலை

மேடை விளக்கின் சூட்டில் சுருதி நகரும் என்பதால் கருவியை இரண்டு மணி நேரம் முன்பே விளக்குக்கு அடியில் நிறுத்திவிட்டோம். கால்களுக்கு அடியில் முரட்டுக் கம்பளம், இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கருவி முன்னால் நகரும். ஒரு முழம் உயரத் தளம் போட்டு, முன்னால் திரை எதுவும் கட்டாமல் விட்டோம். முழங்காலும் பாதமும் என்ன செய்கின்றன என்று தெரிந்தால்தான் பார்ப்பவர்களுக்கு இந்தக் கருவி புரியும்.

ஒலி பார்க்கும்போது ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். ஆம்பிலிருந்து (ஒலிபெருக்கி) டிஐ என்ற இணைப்புப் பெட்டி வழியாக அரங்க ஒலியமைப்புக்குப் போகும் கம்பியில் பூமி இணைப்பு ஒரு வளையமாகிவிட்டது. டிஐ பெட்டியில் இருக்கும் கிரவுண்டு லிஃப்ட் பொத்தானைத் தட்டியதும் நின்றது. மின் பிளக்கின் எர்த் காலை எடுத்துவிடலாம் என்று உதவிக்கு வந்த ஒருவர் சொன்னார். கண்டிப்பாக வேண்டாம் என்றேன். தந்திமேல் கை வைத்து உட்காரப் போகிறவர் ஒரு மனிதர், அந்த எர்த் அவருடைய உயிருக்கானது. மிச்சமிருந்த மெல்லிய சலசலப்பு பிக்கப்புக்குப் பக்கத்தில் இருந்த ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரால் வந்தது. ஆம்பை இரண்டு அடி தள்ளித் திருப்பி வைத்ததும் போனது.

மூன்றாவது வாசிப்பாளரின் இரண்டாம் பாட்டில் மூன்றாம் தந்தி அறுந்தது. 11 கேஜ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்கு தடிமன்), இருப்பதிலேயே மெல்லியது, இருப்பதிலேயே இறுக்கமானது, அதையும் மிதி மேலே இழுக்கிறது. பெடல் ஸ்டீலில் அறுவது பெரும்பாலும் அதுதான். அதைத் தெரிந்து, அதன் விரல்தலையில் பழைய தந்தி பதித்திருந்த பள்ளத்தை 1000, அப்புறம் 2000 எண் தாளால் தந்தி போகும் திசையிலேயே மெருகிட்டிருந்தேன். அப்படியும் அறுந்தது. பள்ளம் முழுக்க மறையும் வரை தேய்த்திருக்க வேண்டும். முனை வளைத்துத் தயாராக வைத்திருந்த மூன்று மாற்றுத் தந்திகள் என் சட்டைப் பையில் இருந்தன. லேப் ஸ்டீல்காரர் கண்ணாலேயே கேட்டுவிட்டு, தன் கருவியின் சி6 சுருதியில் மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்கினார். நான் தளத்தின் பின்னால் மண்டியிட்டு மாட்டினேன், புதுத் தந்தியை இரண்டு மூன்று தடவை மேலே இழுத்து நீட்டி, அட்டையைப் பார்த்துச் சுருதி சேர்த்தேன். அவர் முடிப்பதற்குள் கருவி தயார்.

கடைசியாக உட்கார்ந்தவர் அந்த மூத்தவர். மெதுவான பாட்டு. ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்தி, கடைசி ஒலி ஓயும் வரை வால்யூம் மிதியைத் திறந்துகொண்டே போய், பிறகு கால்களை மெல்ல எடுத்தார். ஐந்தும் ஆறும் ஒன்றாக இறங்கி வந்து உட்கார்ந்தன. பின்னால் நின்றிருந்த எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

உண்டியல்களை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டு எண்ணும் பொருந்திய பிறகு அமைப்பின் ஆளிடம் ஒப்படைத்தோம். அரங்கம் காலியான பிறகு கருவியைப் பெட்டியில் வைப்பதற்கு முன் மானியை மாட்டிக் கடைசியாக ஒரு சுற்று எடுத்தேன். ஐந்தாம் தந்தி சரியாக நடுவில். ஆறாவது இரண்டு சென்ட் கீழே. அட்டையின் பின்புறத்தில் தேதி போட்டு, "நட் உருளை 6, துடைக்கவும்" என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன், அடுத்து எடுப்பவருக்காக.